சாவு விசாரித்த மாஸ்டர்

துஷி, கபிலன், போன கிழமை சாப்பாட்டு மேசையில் நீங்கள் இரண்டு பேரும் ஒரு ஆளைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். "அப்பா, உங்களுக்கு அந்த ரஸ்க் மாஸ்டரை நினைவிருக்கோ?" என்று என்னையும் கேட்டீர்கள். நான் எழும்பிப் போய்க் கோப்பை கழுவினேன். அப்பாவுக்கு இன்னும் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் அப்போதே போய்விட்டது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு வாயில் ஒரு கசப்பு ஊறுகிறது, அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு முன்னால் அதைச் சொல்ல விருப்பமில்லை. அதனால் எழுதுகிறேன். ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவன் நான், பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். இனி 'நீ' என்று எழுதுவதெல்லாம் துஷிக்கு. கபிலன், உனக்கு அப்போது ஐந்து வயது. நீ கூட இருந்து கேள்.

எங்களைப் போல் அகதியாக வந்தவர்களின் பிள்ளைகள் இந்த மாகாணத்தில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். சட்டம் அப்படி. ஆனால் ஆறாம் வகுப்பு முடித்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, அந்தப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஓர் ஆங்கில வகுப்பு வைத்திருந்தார்கள். பிரெஞ்சில் அதற்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் ஆட்கள் 'ஒனர்ஸ் இங்கிலிஷ்' என்று சொன்னார்கள். டொரொன்டோவில் இருக்கிற சொந்தக்காரர் போன் எடுத்து, "அங்கை உங்கடை பிள்ளையளுக்கு இங்கிலிஷ் வருமோ, இல்லாட்டி வெறும் பொன்ஜூர்தானோ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே பதில் அந்த வகுப்பு. நீ கெட்டிக்காரி, இடம் கிடைத்தது. ஆனால் முதல் தவணை முடியும்வரை பரீட்சார்த்தம். அதற்குள் எழுதுகிற கட்டுரையும் பேச்சும் சரிவராவிட்டால் சாதாரண வகுப்பில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அம்மாவுக்கும் எனக்கும் அந்தப் பயம் நெஞ்சில் ஏறி இருந்தது. அந்த நேரம்தான் ஆரோ, வீட்டில் ஆங்கில டியூஷன் கொடுக்கிற இந்த மாஸ்டரைச் சொன்னார்கள்.

சனிக்கிழமைகளில் லாசாலில் எங்கள் வீட்டிலிருந்து மொன்றியலின் மற்ற அந்தத்தில் இருக்கிற பியர்பொன்ட்ஸுக்கு உன்னைக் காரில் கொண்டுபோவேன். அவருடைய வீட்டின் நிலக்கீழ் அறையில்தான் வகுப்பு. முதல் நாள் பெற்றோருக்கு மட்டும் ஒரு கூட்டம் வைத்தார். மடக்குக் கதிரைகளில் நாங்கள் பிள்ளைகளைப் போல இருந்தோம். அவர் முன்னால் ஒரு சின்ன மேசை, மேசையில் தேத்தண்ணிக் கோப்பை, ஒரு தட்டு நிறைய ரஸ்க். என்னைவிட மூத்தவர். ஆனாலும் எல்லா அப்பாமாரும் அவருக்கு 'அண்ணை'தான்.

"அந்த வகுப்பிலை என்ன நடக்கும் எண்டு முதல் விளங்கிக்கொள்ளுங்கோ," என்று தொடங்கினார். "இலக்கணம் கேக்க மாட்டினம். பாடமாக்கி ஒப்புவிக்கிற விளையாட்டு இல்லை. ஒரு கதைப் புத்தகத்தைக் குடுப்பினம். வாசிச்சுப்போட்டு வட்டமா இருந்து கதைக்கோணும். டீச்சர் ஒருநாளும் பிழை எண்டு சொல்ல மாட்டா. 'இன்டரஸ்டிங்' எண்டு சொல்லுவா. அப்பிடிச் சொன்னா பிழை எண்டு நீங்கள் எடுக்கோணும்."

எல்லோரும் சிரித்தோம்.

"பேந்து, மனசிலை இருக்கிறதை எழுதச் சொல்லுவினம். எழுதினதை எல்லாருக்கும் முன்னாலை நிண்டு பேசோணும்."

"மனசிலை இருக்கிறது எண்டா, மாஸ்டர்?" என்று ஒரு தகப்பன் கேட்டார்.

"அதுதானே அண்ணை எங்கடை பிரச்சினை! உங்கடை பெடியன்ரை மனசிலை என்ன கிடக்கு? வீடியோ கேம் கிடக்கு. அதுக்கு ஆர் மார்க் போடுவினம்? வெள்ளைக்காரப் பிள்ளைக்குத் தாத்தா செத்தாக்கூட ஒரு கட்டுரை. எங்களிட்டை எவ்வளவு சாமான் இருக்கு, நாங்கள் சும்மா விட்டுட்டு இருக்கிறம்."

சாமான் என்று அவர் எதைச் சொன்னார் என்று அன்று நான் யோசிக்கவில்லை. வகுப்பைப் பற்றி அவர் சொன்னது ஒவ்வொன்றும் பிறகு அப்படியே நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். புத்தகம், வட்டம், இன்டரஸ்டிங், எல்லாம். வாயே திறக்காத பிள்ளைகளை அவர் வாய் திறக்க வைத்தார். நீயும் அவரிடம் போன பிறகுதான் கண்ணைப் பார்த்துக் கதைக்கப் பழகினாய்.

கூட்டம் முடிய ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டார். பிள்ளையின் மார்க்கைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். "அண்ணை, ஊரிலை ஆரும் போனவையோ?" என்று, சண்டையில் செத்தவர்களை மெல்ல விசாரித்தார்.

நான் சித்தப்பாவைச் சொன்னேன். என் தம்பி. பத்தொன்பது வயது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சைக்கிள் பம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனவன். சந்தியில் ஷெல் விழுந்தது. நாங்கள் ஓடிப்போனபோது பம்ப் அவன் கையில்தான் இருந்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தோம். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் ஆரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. உங்கள் அம்மாவுக்குக்கூட பம்பைப் பற்றித் தெரியாது. இவர் கேட்டார், சொல்லிவிட்டேன்.

"என்ன நிறம், அண்ணை?"

"எது?"

"பம்ப்."

"பச்சை."

அவர் ரஸ்கைத் தேத்தண்ணிக்குள் தோய்த்துக்கொண்டு கேட்டார். பாதி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. நான் தம்பியின் விரலைச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அவர் தன் விரலை விட்டு அதைத் துழாவி எடுத்து நக்கினார். எனக்கு அது அப்போது ஒரு மாதிரி இருந்தது. ஆனால் கண்ணைத் துடைக்க அவர் தாள் எடுத்துத் தந்தார், தோளில் தட்டினார். காரில் வரும்போது, நல்ல மனிசன், துக்கம் விசாரிக்கத் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அவர்மேல் ஒரு பாசமே வந்தது.

பிறகு கவனித்தேன், அவர் எல்லோரிடமும் இதைத்தான் விசாரித்தார். புதிதாக ஆர் வந்தாலும் குளிர்ச் சப்பாத்தைக் கழற்ற முதல் கேள்வி வந்துவிடும். ஆரும் போனவையோ? என்னண்டு? நீங்கள் பாத்தனியளோ? சில பேர் ஒன்றும் இல்லை என்று சொன்னால் முகம் வாடிப்போவார். ஒருவர், தன் மாமனார் நித்திரையில் போனவர் என்றார். "அது சரிவராது, அண்ணை," என்றார் மாஸ்டர், கடையில் அழுகின கத்தரிக்காயை ஒதுக்குகிற மாதிரி.

சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஒரு குடும்பம் மகனைக் கொண்டுவந்து சேர்த்தது. தாயிடம் கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "இல்ல சார், எங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க," என்றாள்.

மாஸ்டர் யோசித்தார். "சுனாமி இருக்கெல்லோ? இப்பத்தானே நடந்தது."

"சார், நாங்க அண்ணா நகர். கடல் எங்களுக்கு ரொம்ப தூரம் சார்."

"டீச்சருக்கு அண்ணா நகர் எங்கை எண்டு தெரியவோ போகுது?"

அந்தப் பெண் எழும்பினாள். மகனின் ஜாக்கெட்டை எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டு, எங்களைப் பார்த்து, "நீங்கல்லாம் எப்படி சார் இங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் படியேறிப் போனாள். திரும்பி வரவில்லை. கதவு மூடியதும் ஒரு அம்மா, "இந்தியாக்காரருக்கு எங்கடை கஷ்டம் விளங்காது," என்றா. நாங்கள் தலையாட்டினோம்.

இன்னொரு சனிக்கிழமை உன்னைக் கூட்டிப்போக வேளைக்கே போய்விட்டேன். கீழே பேச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. உன்னைவிடச் சின்னப் பிள்ளை ஒன்று நின்று ஆங்கிலத்தில் பேசியது. தன் குட்டித் தம்பி பதுங்கு குழியில் மூச்சடைத்துச் செத்துப்போனதாகப் பேசியது.

"இந்த இடத்திலை நிப்பாட்டு," என்றார் மாஸ்டர். "மனசுக்கை மூண்டு எண்ணு. கீழை பார். உடனை நிமிராதை. ஆ, இப்ப நிமிர். டீச்சரைப் பார். மற்றப் பிள்ளையளைப் பாராதை, அதுகள் சிரிச்சா நீயும் சிரிச்சுப்போடுவாய்."

அந்தக் குட்டித் தம்பி படிக்கட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். இங்கே லாவாலில் ஆஸ்பத்திரியில் பிறந்த பெடியன். "மாஸ்டர், அக்கா என்னை ஒவ்வொரு கிழமையும் சாக்காட்டுறா!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அன்று இரவே, அடுத்த கிழமையோடு உன்னை நிப்பாட்டுவம் என்று அம்மாவிடம் சொன்னேன். "தவணை முடியட்டும்," என்றா அம்மா. "பிள்ளை அரைவாசியிலை நிக்குது."

அதற்குள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு வந்தது.

உனக்கு நினைவிருக்கும். எனக்கு மொழிபெயர்க்க நீயும் வந்தாய். டோர்வலில் விமானத்துக்குச் சாப்பாட்டு வண்டி ஏற்றுகிற வேலை எனக்கு. அந்த உடுப்போடுதான் வந்திருந்தேன். உன் ஆங்கில டீச்சர் எழும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. மெல்ல மெல்ல எனக்கு விளங்குகிற மாதிரிக் கதைத்தா. கண் கலங்கி இருந்தது. உங்கள் மகனுக்கு நடந்ததை வாசித்த நாளிலிருந்து என்னால் சரியாக நித்திரை கொள்ள முடியவில்லை என்று சொன்னா.

எந்த மகன்? எனக்கு ஒரே மகன், அவன் லாசாலில் அம்மாவோடு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கிறான். உன்னைப் பார்த்தேன். நீ நிலத்தைப் பார்த்தாய்.

டீச்சருடைய முகம் சிவந்துபோனது. அவ மேசைக்குப் போய் உன்னுடைய கட்டுரையின் பிரதியையும் வேறு இரண்டையும் எடுத்து வந்தா. "நான் இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை," என்றா. நீ தலை நிமிராமல் தமிழில் சொன்னாய். "உங்களை நோகடிக்க விரும்பவில்லை. இது மூன்று பிள்ளைகள், மூன்று குடும்பம். மூன்று பேருக்கும் ரவி என்று ஒரு அண்ணா. மூன்று ரவியும் சந்தியில் சாகிறார்கள். எல்லோருடைய கையிலும் ஒரு பச்சைப் பம்ப். உங்கள் நாட்டில் இது ஏதும் வழக்கமா? எனக்குத் தெரியாது, அதனால்தான் கேட்கிறேன்."

நக்கலுக்குக் கேட்கவில்லை அந்த மனிசி. உண்மையாகவே கேட்டா. பம்போடு சாவது எங்களுக்கு ஒரு சடங்கு என்று சொல்லியிருந்தால் அதையும் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டிருப்பா. என் உடம்பெல்லாம் கூசியது. என் தம்பியின் கையிலிருந்து பம்பை எடுத்து மூன்று பிள்ளைகளின் கையில் கொடுத்து வைத்திருந்தார் அந்த மனிதர். அவனுடைய பெயர் வாயில் நுழையாது என்று ஒரு லேசான பெயரும் வைத்து.

பதிலுக்கு உன்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. நானே சொன்னேன். "நோ சன், மிஸ். மை பிரதர். ஒன்லி மை பிரதர்." என்னிடம் இருந்த ஆங்கிலம் அவ்வளவுதான். அவவுக்கு அது போதுமாக இருந்தது. கதிரையில் போய் இருந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டா. பிறகு உன்னைப் பார்த்துச் சொன்னா: திங்கட்கிழமை வகுப்பில் தனியாக இருந்து, ஆருடைய உதவியும் இல்லாமல், உன்னுடைய சொந்த வாழ்க்கையில் நடந்த ஒன்றை எழுதவேண்டும். அதைப் பார்த்துத்தான் இந்த வகுப்பில் இருப்பதா இல்லையா என்று முடிவு. தாழ்வாரத்து விளம்பரப் பலகையில் இருக்கும் கட்டுரையை இப்போதே கழற்றிவிடுகிறேன் என்று எழும்பினா. "நோ, மிஸ்," என்றேன். "ஐ கம். ஐ டேக்."

காரில், நெடுஞ்சாலைக்கு ஏறின பிறகு கேட்டாய்: "அப்பா, அப்ப அது உண்மையோ?"

"எது?"

"அந்தப் பம்ப்."

"ஓம்."

"மாஸ்டர் அதைத் தானே மேக் பண்ணின கதை எண்டு சொன்னவர். சொந்தக் கதை எழுதிற பேர்சனல் நரேட்டிவ் எண்டா அப்பிடிச் செய்யலாமாம். நான்..." பிறகு, "நான் நல்ல ஐடியா எண்டு நினைச்சன்," என்று அழத் தொடங்கினாய். உன்மேல் எனக்கு ஒரு சொட்டுக் கோபமும் இருக்கவில்லை. சித்தப்பா செத்ததை நீ அவரிடமிருந்து, அதுவும் ஒரு ஐடியாவாகக் கேட்டிருக்கிறாய். அதை நினைக்க நினைக்கத்தான் எனக்கு அந்த ரஸ்க் ஊறின விரல் கண்ணுக்குள் வந்தது.

சனிக்கிழமை நான் தனியாகப் போனேன். கீழே பிள்ளைகள் இருந்ததால் மாஸ்டர் என்னை மேலே வரவேற்பறைக்குக் கூட்டிப்போனார். அன்றுதான் முதல்முறை மேலே போகிறேன். விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

"ஏன் அண்ணை உப்பிடிச் செய்தனீங்கள்?" என்று அவர்தான் என்னைக் கேட்டார். "ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்திருக்கலாமெல்லோ. மூண்டு பிள்ளையளின்ரை இடமும் இப்ப ஆட்டம் காணுது."

"அது என்ரை தம்பி, மாஸ்டர்."

"ஆர் இல்லை எண்டது? அண்ணை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. போனவன் போட்டான். திரும்பி வரப்போறதில்லை. அவனாலை மூண்டு பிள்ளையள் மேலை வரட்டுமன். புண்ணியம் எண்டு நினையுங்கோ. நல்ல சாமான் அண்ணை அது. சும்மா உங்கடை நெஞ்சுக்கை கிடந்து மக்கிறதிலை ஆருக்கு லாபம்?"

நான் சுவரைப் பார்த்தேன். அங்கே ஒரு படம் மாட்டி இருந்தது. வெள்ளைச் சீருடை, இரட்டைப் பின்னல், பள்ளிக்கூடத்துக் கழுத்துப்பட்டி. உன் வயது இருக்கும். படத்துக்குப் புது மாலை, கீழே சின்ன விளக்கு எரிந்தது. முகம் அப்படியே மாஸ்டருடைய முகம்.

"இது ஆர், மாஸ்டர்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கேட்டேன்: "என்னண்டு போனவ?"

"அதை விடுங்கோ."

"என்ன உடுப்பு? கையிலை என்ன இருந்தது? நீங்கள் பாத்தனியளோ?"

"அண்ணை, அதை விடுங்கோ எண்டுறன்!"

"இவவின்ரை கதையை ஏன் மாஸ்டர் ஒரு பிள்ளைக்கும் குடுக்கேல்லை?"

அவர் எழும்பிப் போய்ப் படத்துக்கு முன்னால், எனக்கு மறைப்பதுபோல நின்றார். "அது வேறை," என்றார். "அது வேறை, அண்ணை."

எனக்கு அந்த நேரம் அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன். வரவில்லை, பிள்ளைகளே. பொய் எழுத மாட்டேன். தெரியாதவன் செய்திருந்தால் மடையன் என்று விட்டிருப்பேன். இவருக்குத் தெரியும். ஒரு சாவை எங்கே வைக்கவேண்டும், எப்படி மூடிப் பாதுகாக்கவேண்டும் என்று நன்றாகத் தெரிந்த மனிதர். தெரிந்துகொண்டுதான் எங்கள் வீட்டுச் சாவுகளைக் கீழே கொண்டுபோய்ப் பரப்பி வைத்தார். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை, அந்தக் கட்டுரை எழுதின இன்னொரு பிள்ளையின் தகப்பன் போன் எடுத்தார். "அண்ணை, உங்கடை தம்பி உங்களுக்கு மட்டும் சொந்தமோ?" என்று கேட்டார். "சண்டை எல்லாருக்கும் பொதுத்தானே? நீங்கள் ஒரு ஆளைக் குடுத்தா என்ன குறைஞ்சு போவியளோ?" விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை. கோவிலில் கண்டால் இப்போதும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. எனக்கும் அது வசதி.

திங்கட்கிழமை நீ தனியாக இருந்து எழுதினாய். கபிலனின் கையுறை ஒன்றை பஸ்ஸில் விட்டுவிட்டு, அவன்தான் தொலைத்தான் என்று அம்மாவிடம் பழி போட்ட கதை. சாவும் இல்லை, சண்டையும் இல்லை. டீச்சர் பெரிய மார்க் ஒன்றும் போடவில்லை. ஆனால் உன்னை அந்த வகுப்பிலேயே வைத்துக்கொண்டா.

நீ எழுதிக்கொண்டிருந்த அந்த நேரம் நான் உன் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன். அது உனக்குத் தெரியாது. வேலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடக் கந்தோர் ஆட்களிடம் சொல்லிவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போனேன். பிள்ளைகள் எல்லோரும் வகுப்பில், ஆரும் இல்லை. பலகையில் உன்னுடைய தாளைக் கண்டுபிடித்தேன். கட்டுரைக்கு மேலே நீ அவனைப் படமாகக் கீறியும் இருந்தாய். தென்னை மரம், வெயில், நடுவில் ஒரு பெடியன். நீ மொன்றியலில் பிறந்த பிள்ளை. அவனுக்கு முழங்கால் வரைக்கும் குளிர்ச் சப்பாத்துப் போட்டிருந்தாய்.

மற்ற இரண்டு தாளையும் தொடவில்லை. அவற்றைக் கழற்ற அந்தப் பிள்ளைகளுக்கும் அப்பாமார் இருக்கிறார்கள். உன்னுடையதை மட்டும் ஊசி கழற்றி எடுத்துக்கொண்டு காருக்கு வந்தேன். கண்ணாடியில் பனி படிந்திருந்தது, துடைக்கவில்லை. விரலை வைத்துச் சொல் சொல்லாக வாசித்தேன். பாதிதான் விளங்கியது. ஆனால் அந்த ரவி என்ற பெயர் வந்த இடமெல்லாம் விளங்கியது. சட்டைப் பையிலிருந்து, சாப்பாட்டு வண்டிக்கு இலக்கம் எழுதுகிற பேனையை எடுத்தேன். ரவியை ஒவ்வொரு இடமாக வெட்டினேன். வெட்டின இடத்துக்கு மேலே, இடம் காணாமல் நெருக்கி நெருக்கி, யோகநாதன் என்று தமிழில் எழுதினேன்.